உறங்காக் கோட்டையின் விதிநூல்

இசக்கிசெல்விக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் கொடுத்த காகிதத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் மடிப்பாள். மருந்துச் சீட்டானாலும் சரி, பேருந்துச் சீட்டின் பின்பக்கமானாலும் சரி. 2022 நவம்பர் 14, திங்கட்கிழமை, இருங்காட்டுக்கோட்டையில் கைப்பேசிக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவளோடு சேர்த்து 126 பெண்கள் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு 36 பக்கத்தில் நிலையாணைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். தொழிலாளி எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, தப்பு நடந்தால் கம்பெனி எப்படி விசாரிக்க வேண்டும் என்று சொல்லும் புத்தகம். விடுதிக்குத் திரும்பும் பஸ்ஸில் வெக்கை தாங்காமல் எல்லோரும் அதை வைத்து விசிறிக்கொண்டு வந்தார்கள். இசக்கிசெல்வி முப்பத்தாறாம் பக்கத்தை முடித்தபோது பஸ் விடுதி வாசலில் நின்றது.

"ஏட்டி, நாளைக்கு இதுல பரீட்சையா வைக்கப் போறாவ?" என்று பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள். அவள் பெயர் பூமாரி. விளாத்திகுளம் பக்கம், பத்தொன்பது வயது, வாய் மூடாதவள்.

"கையெழுத்து வாங்கிருக்காவல்லா? எதுக்கு வாங்குனாவன்னு தெரிய வேண்டாமா?"

இருவருக்கும் 207-ஆம் எண் அறையே கிடைத்தது. எட்டுக் கட்டில், ஒரு ஜன்னல்.

இசக்கிசெல்வி சாத்தான்குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். வேலையில் சேர்ந்தபோது வயது 22. லைனில் பதினான்காவது இடத்தில் உட்கார்ந்து, வருகிற சிறு கண்ணாடிகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. தலைக்கு மேலே பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு செயல்முறைத் தாள் தொங்கும். ஒரு கண்ணாடியைப் பன்னிரண்டு விநாடி பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. மூலையில் எத்தனையாவது ரிவிஷன் என்ற எண், அதற்குக் கீழே மூன்று கையெழுத்து. மூன்று பேர் ஒப்பாமல் அதில் ஒரு வரி மாற முடியாது. அந்த ஏற்பாடு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பிடிக்காதது சூப்பர்வைசர் மோகன். மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால் பின்னால் வந்து நின்று, "பன்னெண்டு செகண்ட்லாம் யாரு பார்க்கச் சொன்னது? அஞ்சு செகண்ட் போதும், தள்ளு, தள்ளு" என்பான். 2023 பிப்ரவரி 27 அன்று அப்படித் தள்ளியதில் 340 பெட்டி சரக்கு திரும்பி வந்தது. ஐந்து விநாடியில் விட்டது யார் என்று மேலேயிருந்து கேள்வி வந்ததும் பன்னிரண்டு என்றுதானே போட்டிருக்கிறது என்று மோகன் தாளைக் காட்டினான். எச்சரிக்கைக் கடிதம் இசக்கிசெல்விக்கு வந்தது.

"நமக்கு விதி. அவனுக்கு வாய்" என்றாள் அறைக்கு வந்து.

அந்த வருடம் ஜூலையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தரப் பிரிவுப் பொறியாளர் ப்ரீதி கேன்டீன் மேசையில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் நெருப்புக் கக்கும் பறவை நாகம். ப்ரீதிக்கு வீடு ஸ்ரீபெரும்புதூர் ஊருக்குள்ளேயே. தொழிலாளிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் பொறியாளர் அவள் ஒருத்திதான்.

"இது என்ன மேடம், மந்திரவாத புக்கா?" என்று பூமாரி எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, கேம் இது. போர்டு கிடையாது, காய் கிடையாது. பேசியே விளையாடறது."

"பேசியேவா? அப்ப நாங்கதான் சாம்பியன்."

ப்ரீதி சிரித்துக்கொண்டே விளக்கினாள். ஒருத்தர் கதை சொல்வார். எதிரே ஒரு குகை தெரிகிறது, உள்ளே ஏதோ மூச்சு விடுகிறது என்பார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருத்தி வாள்காரி, ஒருத்தி மந்திரக்காரி. குகைக்குள் போகிறார்களா, ஓடுகிறார்களா என்று அவரவர் சொல்ல வேண்டும். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். வாளுக்கு எவ்வளவு பலம், மந்திரம் போட்டால் எவ்வளவு களைப்பு, எதற்கு எந்த எண் விழ வேண்டும் என்பதற்கெல்லாம் ஆதாரம் இந்த விதிநூல்.

ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை மதியம், 207-ஆம் அறையின் தரையில் முதல் ஆட்டம் நடந்தது. ப்ரீதி கதை சொன்னாள். பூமாரியின் வாள்காரி முதல் கால் மணி நேரத்திலேயே பள்ளத்தில் விழுந்து செத்தாள். பூமாரி பேயாகத் திரும்பி வருவேன் என்று அடம் பிடித்தாள். ஆட்டம் முடிந்ததும் இசக்கிசெல்வி புத்தகத்தை இரவல் கேட்டாள். 320 பக்கத்தையும் கைப்பேசி அகராதியை வைத்துக்கொண்டு பத்தொன்பது நாளில் படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் ப்ரீதி.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆரம்பத்துலயே கெடுத்துட்டாங்களே. கதை சொல்றவர் நினைச்சா எந்த விதியையும் மாத்திக்கலாம்னு போட்டிருக்கு."

"அது விளையாட்டு நல்லா போறதுக்காக. எல்லா விதிநூல்லயும் அப்படித்தான் இருக்கும்."

"மோகன் சாரும் லைன் நல்லா போறதுக்காகத்தான் மாத்தினாரு."

ப்ரீதி சிரிக்க வாயெடுத்தாள். பிறகு சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் இசக்கிசெல்வி ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருவில் 200 பக்க நீள நோட்டு ஒன்றும் ஆறு லூடோ பகடைகளும் வாங்கினாள். ஆங்கில நூல் கேட்ட இருபது முகப் பகடை அங்கே எந்தக் கடையிலும் இல்லை. அதனால் தன் ஆட்டம் இரண்டு ஆறுமுகப் பகடைகளில் நடக்கும் என்று தீர்மானித்தாள். அதிலும் அவளுக்குச் சந்தேகம். ஒவ்வொரு பகடையையும் 600 தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். அறையே உட்கார்ந்து நான்கு ஞாயிறு பகடை போட்டது. லைனில் பழுதுகளைக் குறிப்பது போல ஐந்தைந்து கோடாகக் கட்டம் போட்டு எண்ணினார்கள். ஒரு பகடையில் ஆறு 139 தடவை விழுந்தது. இசக்கிசெல்வி அதற்குச் சிவப்புச் சீட்டுக் கட்டி ரிஜெக்ட் என்று எழுதி ஜன்னலில் தொங்கவிட்டாள்.

"ஒலகத்துலயே பகடைக்கு இன்ஸ்பெக்ஷன் வச்சவ நீ ஒருத்திதாம்ட்டி" என்றாள் பூமாரி.

நூல் செயல்முறைத் தாளைப் போலவே வளர்ந்தது. ஒவ்வொரு விதிக்கும் எண். ஒவ்வொரு பக்க மூலையிலும் ரிவிஷன். விதி 1.1 இப்படி இருந்தது: "கதை சொல்கிறவளுக்கும் இந்த விதிகள் பொருந்தும்." விதி 1.2: "எந்த விதியையும் மாற்றலாம். மேசையில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்." ஆட்டம் நடக்கும் இடம் உறங்காக் கோட்டை. அங்கே ஒரு வேந்தன் இருக்கிறான். அவன் தூங்குவதில்லை, யாரையும் தூங்கவிடுவதும் இல்லை. கோட்டைக்குள் நுழைகிறவர் பெயரை மறந்து எண்ணாகிப் போவார். தன் பெயரைக் கடைசி வரை நினைவில் வைத்திருப்பவள்தான் வெளியே வர முடியும். அரக்கர் பதினெட்டு வகை, மந்திரம் 44, பாத்திரம் ஏழு வகை. மந்திரம் போடுகிறவளுக்குக் களைப்பு ஏறும். களைப்பு பத்தைத் தொட்டால் அவள் எங்கே நிற்கிறாளோ அங்கேயே தூங்கிவிடுவாள். அந்தக் கோட்டையில் தூங்குவது மாட்டிக்கொள்வதற்குச் சமம்.

207-இலிருந்தும் மற்ற அறைகளிலிருந்தும் ஏழு பெண்கள் வாராவாரம் ஆடினார்கள். அதில் நான்கு பேர், தாங்கள் ஆடுவது லைனில் தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று கூச்சப்பட்டார்கள். அவர்களுக்காக விதி 3.4 வந்தது: "எந்தப் பாத்திரத்தை யார் ஆடுகிறாள் என்பதை அவளைத் தவிர வேறு யாரும் மேசைக்கு வெளியே சொல்லக் கூடாது." ஏழு பேரும், கதைக்காரியான இசக்கிசெல்வியும் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துகூடப் பாத்திரப் பெயரில்தான். 2024 மே மாதம் நூல் ஏழாம் ரிவிஷனை எட்டியபோது 148 பக்கம் நிறைந்திருந்தது. வேறு பிரதி கிடையாது.

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை காலை, விடுதி வார்டன் முனியம்மாள் 207-க்குள் வந்தாள். மாதம் ஒருமுறை மெத்தைக்கடியில் கரண்ட் அடுப்பு ஒளித்திருக்கிறார்களா என்று தேடுவது வழக்கம். அடுப்பு கிடைக்கவில்லை. நோட்டு கிடைத்தது. பிரித்ததும் நடுப்பக்கத்தில் வரைபடம்.

"இன்னாடி இது? கேட்டு எங்க, வாச்சுமேன் எத்தினி பேரு, எந்த வழியா உள்ள பூறணும்னு கோடு போட்டு வச்சிகினு கீற?"

"விளையாட்டு, அக்கா. விதிநூலு" என்றாள் இசக்கிசெல்வி.

"வெளையாட்டு இன்னா, நூத்தம்பது பக்கத்துக்கா? நான் கூடத்தான் பல்லாங்குழி ஆடினேன். ஒரு வரி எழுதிகினேனா?" முனியம்மாளுக்குக் குரல் இறங்கியது. "பக்கத்துப் பேட்டையில ஸ்ட்ரைக்கு, அது இதுன்னு பேசிக்கினு கீறாங்க. ரூம்ல எது கெடச்சாலும் போட்டோ புட்சு அனுப்பணும்னு எனக்கு ஆர்டர்மா. என் வேலைக்கு உல வச்சிராத."

போட்டோ போயிற்று. அன்று மாலையே செக்யூரிட்டி வந்து நோட்டையும் எடுத்துப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை 11.10-க்கு இசக்கிசெல்வியை மனிதவளத் துறைக்கு அழைத்தார்கள். மேலாளர் பராங்குசம் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். விடியற்காலை கோயில் கைங்கரியத்தை முடித்துவிட்டு, நெற்றி நாமம் காயும் முன் அலுவலகத்துக்கு வந்துவிடுவார். மேசையில் பேனா கூட நேராக இருக்க வேண்டும் அவருக்கு.

"உக்காரும்மா. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார்."

அவர் நோட்டில் அடையாளத் தாள் செருகியிருந்த பக்கத்தைத் திறந்தார். "'முறை மாறும் மணியடித்தபின் பதினோரு நிமிடம் வாயிலில் இரண்டு காவலர் மட்டுமே.' நம்ம மெயின் கேட்லயும் ஷிஃப்ட் மாறும்போது ரெண்டு பேர்தான் இருக்காங்க."

"ஆமா சார். நான் உள்ள போய்ப் பார்த்த பெரிய கட்டடம் இது ஒண்ணுதான். இதை வச்சுத்தான் கோட்டையை வரைஞ்சேன்."

அவள் மறுப்பாள் என்று நினைத்து அவர் அடுத்த மூன்று கேள்விகளைத் தயாராக வைத்திருந்தார். அவை வீணாகிவிட்டன. பக்கத்தைத் திருப்பினார்.

"இந்த ஏழு பேர் யாரு? வெட்டுக்கிளி யாரு? செம்பரத்தி யாரு? செக்யூரிட்டி ரெண்டு மணி நேரம் எம்ப்ளாயி லிஸ்ட்ல தேடியிருக்காங்க. கடைசில கேன்டீன்ல செண்பகம்னு ஒரு அம்மா இருக்காங்கன்னு அவங்களைக் கூப்பிட்டு விசாரிச்சு, அவங்க அழுதுட்டாங்க."

"செம்பரத்தி மந்திரக்காரி சார். ஓடுற தண்ணியை உறைய வைப்பா."

"கிண்டல் பண்றியா?"

"இல்ல சார். 41-ஆம் பக்கம் இருக்கு. களைப்பு மூணு ஏறும்."

பராங்குசம் 41-ஆம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். இருந்தது. நோட்டை மூடிவிட்டுச் சற்றுத் தணிந்த குரலில் பேசினார். "பாரும்மா. நீ கெட்டவ இல்லைன்னு எனக்குத் தெரியுது. நல்லா வேலை செய்றேன்னு ரெக்கார்டு சொல்லுது. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுது. இதுல கூட இருந்த ஏழு பேர் பேரை எழுது. நோட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு இதோட விட்டுடலாம். நவம்பர்ல உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நானே எழுதறேன்."

இசக்கிசெல்வி எதிரே இருந்த வெள்ளைத் தாளைப் பார்த்தாள். அந்த ஏழு பேரில் மூன்று பேருக்கு ஆறு மாத ஒப்பந்தம். பெயர் போனால் அடுத்த மாதம் அவர்கள் ஊர் பஸ்ஸில் இருப்பார்கள். எழுதாவிட்டால் அவளே போக வேண்டியிருக்கும், நோட்டும் போகும். இதற்கு மேல் யோசிக்க அதில் ஒன்றும் இல்லை.

"நான் எழுத மாட்டேன் சார். குற்றம்னா நீங்க எழுதிக் குடுங்க. நிலையாணையில 19-ஆம் பக்கம் போட்டிருக்கு. மெமோ குடுக்கணும், விசாரணை வைக்கணும், எந்தக் காகிதத்தை வச்சு குற்றம் சொல்றீங்களோ அதோட முழு நகலை எனக்குத் தரணும்."

"நீ அதைப் படிச்சியா?"

"முப்பத்தாறு பக்கமும் சார்."

பராங்குசம் பேனாவை நேராக்கினார். பதினேழு வருடத்தில் அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு தொழிலாளி அவருக்குப் பக்க எண் சொன்னது அதுதான் முதல் தடவை. முறைப்படி கேட்டால் முறைப்படி செய்யாமல் அவருக்குத் தூக்கம் வராது.

ஜூன் 19, புதன்கிழமை மெமோ வந்தது. கூடவே ஒரு தடித்த காகிதக் கட்டு. 148 பக்கத்தின் நகல். பிற்பாடு அவள், கம்பெனி பக்கத்தைக் கூட்டிவிட்டது, குறைத்துவிட்டது என்று சொல்லிவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு பக்கத்திலும் பராங்குசம் சுருக்கொப்பம் இட்டு, தேதி போட்டு, கீழே "உண்மை நகல்" என்று கம்பெனி முத்திரை குத்தியிருந்தார். ஒன்றரை நாள் பிடித்ததாம் அந்த வேலை. உதவியாளர் மை தொட்டுத் தொட்டுக் கொடுத்தாராம்.

விடுதியில் இதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. 207-ஆம் அறைக்காரிகளோடு குளியலறை வரிசையில்கூட யாரும் நிற்கவில்லை. பூமாரி கட்டிலில் உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

"நான் போயி என் பேரைச் சொல்லிருதேன். ஒனக்கு எதுக்குட்டி இந்தப் பாடு?"

"நீ சொன்னா ஒன்னோட நிக்குமா? யாரு கூட சாப்பிடுத, யாரு கூட பஸ்ஸு ஏறுத, எல்லாம் கேமராவுல இருக்கு. ஒன்னையப் பிடிச்சு மத்த ஆறு பேரையும் வரிசையா இழுப்பாவ. பேசாம இரி."

"பேசாம இருக்கது எனக்கு வராதுல்லா."

"படிச்சுக்க. விசாரணை முடியுத மட்டும்."

ஜூன் 26 அன்று விசாரணை. விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்திருந்தார்கள். வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் படிப்பார். தனக்கு ஒரு சாட்சி உண்டு என்று இசக்கிசெல்வி சொன்னாள். ப்ரீதி உள்ளே வந்தாள். ஆங்கில விதிநூலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"சார், இது உலகம் பூரா ஆடற ஒரு மாதிரி விளையாட்டு. இந்தப் புக்ல கோட்டைக்குள்ள நுழையறது, காவலாளியைத் தாண்டறது எல்லாம் இருக்கு. வரைபடமும் இருக்கு. இசக்கிசெல்வி எழுதினதும் இதே வகைதான்."

பராங்குசம் புத்தகத்தைப் புரட்டினார். வழவழப்பான தாள், வண்ணப் படம். "இது சரி. இது அச்சடிச்ச புக். இங்கிலீஷ்ல இருக்கு. பார்த்தாலே விளையாட்டுன்னு தெரியுது. அது தமிழ்ல, கையால எழுதி, மெத்தைக்கு அடியில இருந்தது."

"அப்ப நான் இங்கிலீஷ்ல எழுதியிருந்தா விளையாட்டு ஆயிருக்கும். அப்படித்தான சார்?" என்றாள் இசக்கிசெல்வி. "எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. கூட ஆடுறவங்களுக்கும் வராது. எங்களுக்குத் தெரிஞ்ச பாஷையில எழுதினா அது சதியா? மெத்தைக்கு அடியில வச்சேன், சரி. எட்டுப் பேருக்கு ஒரு அலமாரி குடுத்திருக்கீங்க. வேற எங்க வைக்கணும்?"

வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அது கிடக்கட்டும்மா. ஏழு பேர் பேர் சொல்லிட்டா, கூப்பிட்டுக் கேட்டு, விளையாட்டுதான்னு முடிச்சிடலாமே. என்ன தயக்கம்?"

"விதி 3.4 சார். 22-ஆம் பக்கம். பேர் சொல்லக் கூடாது."

"அது நீ எழுதின விதிதானே?"

"ஆமா சார்."

"நீ எழுதினதை நீயே மாத்திட்டுப் போ."

"மாத்தலாம் சார். ஆனா எல்லாரும் கையெழுத்துப் போடணும். அது விதி 1.2. ஒத்துக்கிறீங்களான்னு நான் அவங்களைப் போய்க் கேக்கறதுக்கு முன்னாடி, ஒத்துக்காட்டி ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க எழுதிக் குடுக்கணும்."

"அப்படி எழுதிக் குடுக்க முடியாதும்மா."

"அப்ப மாத்த முடியாது சார்."

"உன் வேலை போகலாம். தெரியுதா?"

"தெரியும் சார். எழுதினவளே மீறலாம்னா அதுக்குப் பேர் விதி இல்ல. எங்க லைன்ல ஒருத்தர் அப்படித்தான் பண்ணாரு. எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்துச்சு. தேதி கேட்டாச் சொல்றேன்."

வக்கீல் கேட்கவில்லை. ஆனால் அவள் சொன்னதை அப்படியே குறிப்பில் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு ஜூலை 1 அன்று வந்தது. வேலைநிறுத்தத்துக்குத் திட்டம் போட்டதாகச் சொன்ன குற்றம் நிரூபிக்கப்படவில்லை. விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்ற குற்றம் நிரூபிக்கப்பட்டது. ஒப்பந்தம் ஜூலை 31-ஓடு முடிகிறது. நோட்டு கோப்பில் இருக்கும், திருப்பித் தரப்பட மாட்டாது. கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டபோது, இசக்கிசெல்வி அதைக் கடைசி வரி வரை படித்தாள். பிறகு தன் பெயருக்கு மேலே "எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

ஊருக்குத் திரும்புவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் ஒரகடத்தில் வாகனங்களுக்கு ஒயர் கட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் ஆகஸ்ட் 5 அன்று சேர்ந்தாள். சேரப்பணஞ்சேரியில் இரண்டு பெண்களோடு வாடகைக்கு அறை எடுத்தாள். முதல் ஞாயிறே படப்பையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய், காகிதக் கட்டைக் கவுண்டரில் வைத்து ஒன்பது பிரதி கேட்டாள். கடைக்காரர் முதல் பக்கத்து முத்திரையைப் பார்த்துவிட்டு, "கவர்ன்மென்ட் பேப்பராம்மா?" என்று கேட்டு, வெறும் நூல் தையல் போதும் என்று அவள் சொல்லியும் நல்ல அட்டை போட்டு பைண்டிங் செய்து கொடுத்தார்.

அந்தப் பிரதிகள் சும்மா இருக்கவில்லை. ஒன்று மறைமலை நகருக்குப் போனது. இரண்டு இருங்காட்டுக்கோட்டை விடுதிக்கே திரும்பிப் போயின. அங்கே ஒருத்தி அடுத்த கட்டடத்துக்காரிக்குக் கொடுத்தாள், அவள் இன்னும் மூன்று நகல் எடுத்தாள். 148 பக்கத்திலும் பராங்குசத்தின் சுருக்கொப்பமும் உண்மை நகல் முத்திரையும் இருந்ததால், பறிமுதல் செய்ய வந்த வார்டன்களுக்கே குழப்பம். முனியம்மாள் ஒரு பிரதியைக் கையில் எடுத்து, முத்திரையைப் பார்த்து, "கம்பெனி சீலு போட்டுகீதே, எனக்கு இன்னாத்துக்கு வம்பு" என்று வைத்துவிட்டுப் போனாளாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு, மதியம் இரண்டரை மணி. சேரப்பணஞ்சேரி அறையில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பழைய ஏழு பேரில் ஆறு பேர் வந்திருந்தார்கள். மூன்று பேர் புதுசு. அதில் கனிஷ்கா என்ற ஒல்லிப் பெண் முதல் தடவை ஆட வந்தவள். பெயரை மறக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று இரண்டாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது இசக்கிசெல்வியின் கைப்பேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"இசக்கிசெல்வியா? பராங்குசம் பேசறேன். எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேன் சார்."

"ஒரு விஷயம். அந்த நகல் விசாரணைக்காகக் கொடுத்தது. இப்ப ஊரெல்லாம் சுத்துதாம். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து. மேலிடத்துல என்னைக் கேக்கறாங்க, நம்ம கம்பெனிதான் இதை வெளியிட்டதான்னு. நீ எல்லாத்தையும் திரட்டித் திருப்பிக் கொடுத்துடும்மா."

பூமாரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இசக்கிசெல்வி சிரிக்கவில்லை.

"திருப்பித் தரணும்னு மெமோவுல போடலியே சார். நிலையாணையிலயும் இல்ல."

"இல்லைதான். நான் கேட்டுக்கறேன்."

"என் நோட்டைத் திருப்பிக் குடுங்க சார், நான் யோசிக்கிறேன்."

"அது ஃபைல்ல இருக்கும்மா. எடுக்க முடியாது."

"அப்ப இதையும் எடுக்க முடியாது சார். எத்தனை பேர் கையில இருக்குன்னு எனக்கே தெரியாது."

அவர் வைத்துவிட்டார். கோபமாக வைத்த மாதிரித் தெரியவில்லை. இசக்கிசெல்வி ஒரு புதுத் தாளை எடுத்தாள். மூலையில் ரிவிஷன் 8 என்று எழுதினாள். அடியில் விதி 1.3: "இந்த நூலை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். யாரும் யாரிடமிருந்தும் திரும்பக் கேட்க முடியாது."

"ஒத்துக்கிட்டவங்க கையெழுத்துப் போடுங்க. எப்பவும் போலப் பாத்திரப் பேர்ல."

தாள் வட்டத்தைச் சுற்றியது. வெட்டுக்கிளி போட்டாள். புதிதாக வந்த கனிஷ்கா தன் பாத்திரத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்றாள். அவசரமாக ஒன்று வைத்து எழுதினாள். தாள் பூமாரியிடம் வந்தது. அவள் செம்பரத்தி என்று எழுதுவாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் நிதானமாகத் தன் சொந்தப் பெயரை, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு, கம்பெனி அடையாள அட்டையில் இருப்பது போலவே முழுதாக எழுதினாள். அதற்குக் கீழே தன் தொழிலாளி எண்ணையும் எழுதினாள். இன்னும் அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறாள் அவள். நாளைக் காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றாள் இசக்கிசெல்வி. "அதை அடிச்சிரு. நாளைக்கு இது ஜெராக்ஸ் ஆகி ஒங்க கேட்டுக்கே போயி நிக்கும்."

"நிக்கட்டும்."

"ஒன் ஒப்பந்தம் போயிரும் பூமாரி."

"போனாப் போட்டு. செம்பரத்தி யாருன்னு ரெண்டு மணி நேரம் தேடுனாவல்லா, பாவம். மத்தவ பேரைத்தான் சொல்லக் கூடாதுன்னு விதி. என் பேரு என் பேருல்லா?" பூமாரி தாளை அடுத்தவளிடம் தள்ளினாள். பகடை இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் குலுக்கினாள். "அவ்வோ இதுலயும் சீலு வைக்கட்டும். இப்ப சொல்லு, கோட்டை வாசல்ல எத்தனை பேரு நிக்கான்?"